ஜப்பானில் மடித்த சேலை

அக்கா,

நேற்று இங்கே லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு மண்டபத்துக் கழிப்பறைக்குள் போனேன். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினால், டாய்லெட் பேப்பரின் நுனி முக்கோணமாக மடித்துக் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா புன்னகை இல்லை, வயிறு குலுங்கிய சிரிப்பு. வெளியே காத்து நின்ற பெண் பயந்து கதவைத் தட்டி, "அன்ரி, ஓகேயா?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு மேலும் கொஞ்ச நேரம் சிரித்தேன். போய்ச் சேர்ந்த நீங்கள் ஒரு பேப்பர்த் துண்டுக்குள் இருந்து எட்டிப் பார்க்கிறீர்கள் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று நான் கட்டியிருந்தது உங்களுடைய மாம்பழ மஞ்சள் சேலை. ஓம், அதேதான். இத்தனை வருடமாக நீங்கள் பிரிக்காமல் வைத்திருந்ததை நான் பிரித்துவிட்டேன். கோபிக்க வேண்டாம். பிரித்தபடியால்தான் எங்கள் வழக்கு தீர்ந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் தீர்ப்பைக் கடைசியில்தான் சொல்வேன். என்னை எத்தனை தரம் பஸ் தரிப்பில் காக்க வைத்திருக்கிறீர்கள், கொஞ்சம் நீங்களும் காத்திருங்கள்.

எண்பதுகளின் நடுவில், லண்டனில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலைக்கு என்னை உங்களோடு சோடி சேர்த்துவிட்டார்கள். ஸ்ட்ரெதமில் ஒரே தெருவில் இருந்தும் அதுவரை நாங்கள் பேசியதில்லை. முதல் பேச்சு ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டுதான். "அந்த நுனியைப் பிடியும்" என்றீர்கள். நான் பிடித்தேன். "இழுத்துப் பிடியும், அது சாகாது." அன்றிலிருந்து எத்தனை விரிப்புகளை உதறியிருப்போம், கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஊர்க்கதை, சீட்டுக்கதை, பிள்ளைகளின் பள்ளிச் சோதனைக் கதை எல்லாம் அந்த வெள்ளைத் துணிக்கு மேலாலேயே போய் வந்தன. அறை முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கடைசியில் டாய்லெட் பேப்பரின் நுனியை முக்கோணமாக மடித்து விடுவீர்கள். மேற்பார்வைக்காரி கேட்டதால் செய்தது என்றாலும், நீங்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள். "படம் கீறினவன் கீழை பேர் எழுதுறான் தானே. இது எங்கடை பேர்" என்பீர்கள்.

கட்டிலில் இருப்பதற்கு எங்களுக்கு அனுமதி இல்லை. குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்துதான் சாண்ட்விச் சாப்பிடுவோம். அங்கே இருந்துகொண்டு நீங்கள் அடிக்கடி சொன்னது எனக்குப் பாடம்: "ஒருநாளைக்கு எண்டாலும் ஆரோ விரிச்ச கட்டிலிலை படுத்து, விரிக்காமல் எழும்பிப் போகோணும்." மற்றவர்கள் காசிக்குப் போக வேண்டும் என்று சொல்வதைப் போல அதைச் சொல்வீர்கள். நான் நம்பவில்லை. உங்கள் சொந்தக் கட்டிலையே காலையில் முகம் கழுவ முன்னர் விரித்துவிடும் பேர்வழி நீங்கள்.

ஆனால் உங்கள் மகள் சுகி நம்பினாள். படிப்பு முடித்து வங்கியில் சேர்ந்தாள், தொண்ணூறுகளில் வங்கி அவளை டோக்கியோவுக்கு அனுப்பியது. அவள் இருந்த வீட்டில் ஆள் திரும்பினால் சுவர் இடிக்குமாம். அதனால் தாய்க்கு ஒரு நல்ல ஹோட்டலில் அறை எடுத்து வைத்துவிட்டு விமானச் சீட்டு அனுப்பினாள். நீங்கள் தனியாக வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததில், நான் சேமித்ததைக் கிளறி உங்களோடு ஒட்டிக்கொண்டேன். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்த கையோடு சுகி உங்களிடம் சத்தியம் வாங்கினாள். "அம்மா, இஞ்சை நிக்கிற நாள் முழுக்க ஒரு துரும்பைக்கூட எடுத்து மற்றப் பக்கம் வைக்கக்கூடாது. நீங்கள் இஞ்சை கெஸ்ட்." நீங்கள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தீர்கள். யாருடைய தலையில்? என்னுடைய தலையில்.

அந்த ஹோட்டல், அக்கா. கதவைத் திறந்தவர் குனிந்தார், பெட்டி தூக்கியவர் குனிந்தார், லிஃப்டுக்குள் பொத்தான் அமத்துவதற்கென்றே தொப்பி போட்ட ஒரு பிள்ளை நின்று அவளும் குனிந்தாள். நாங்களும் விடாமல் திருப்பிக் குனிந்ததில் உங்களுக்கு இடுப்பு, நாரி எல்லாம் பிடித்துவிட்டது. அறையில் நுழைந்ததும் மற்றவர்கள் ஜன்னலுக்குத்தான் ஓடுவார்கள். கீழே ஒரு நகரமே மினுங்கிக்கொண்டு கிடந்தது. நீங்களோ கட்டில் மூலையைத் தூக்கிப் பார்த்தீர்கள், விரிப்பை விரலுக்கிடையில் உரசினீர்கள். "கலப்பில்லாத பருத்தி. மூலை மடிச்சிருக்கிற வடிவைப் பாரும். கத்தியாலை வெட்டின மாதிரி." இரண்டு கட்டிலிலும் நீலக்கோடு போட்ட இரவு அங்கி மடித்து வைத்திருந்தது. செருப்புகள் வாசலைப் பார்த்து நின்றன. சுடுதண்ணீர்ப் போத்தலும் பச்சைத் தேயிலையும் தயாராக இருந்தன.

பிறகு குளியலறைக்குள் போன நீங்கள் கூப்பிட்ட சத்தத்தில் நான் விழுந்தடித்து ஓடி வந்தேன். டாய்லெட் இருக்கை சூடாக இருந்ததாம். "ஆரோ இப்பதான் இருந்திட்டு எழும்பிப் போயிருக்கினம்" என்று நீங்கள் குசுகுசுத்தீர்கள். அது மின்சாரத்தில் சூடாவது என்று கண்டுபிடிக்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் பேப்பரைக் கண்டீர்கள். நுனி முக்கோணமாக மடித்திருந்தது. நீங்கள் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் முகம் மாறிப்போனது.

"இஞ்சை பாரும்" என்றீர்கள். "இவளும் எங்கடை ஆள்தான்."

அந்த நிமிடத்தோடு சுகிக்குச் செய்த சத்தியம் காற்றில் போயிற்று. யாரோ ஒருத்தி என்று இருக்கும்வரை அவளுடைய கட்டிலில் படுத்து அப்படியே போட்டுவிட்டுப் போக உங்களால் முடிந்திருக்கும். எங்கடை ஆள் என்று தெரிந்த பிறகு எப்படி முடியும்? அடுத்த நாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தால், உங்கள் கட்டில் விரித்த கட்டிலாகக் கிடக்கிறது. நீங்கள் என் கட்டிலின் மறுபக்கம் நின்று, "நுனியைப் பிடியும்" என்கிறீர்கள். "அக்கா, என்ரை தலையிலை அடிச்ச சத்தியம்" என்றேன். "உமக்கு ஒண்டும் நடவாது. அவளுக்கு நாரி என்ன இரும்பே?" என்றீர்கள். நானும் பிடித்தேன். குளியல் தொட்டியைத் துடைத்தோம், கண்ணாடியைத் துடைத்தோம், முக்கோணத்தையும் மடித்து விட்டோம். பிறகு சேலை கட்டிக்கொண்டு, கெஸ்ட் மாதிரிக் கீழே காலைச் சாப்பாட்டுக்குப் போனோம். மீன் வாசம் வராத ஒன்றையும் காணாமல் வெறுஞ்சோற்றுக்கு, நீங்கள் கைப்பையில் கொண்டு வந்த எலுமிச்சங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். பக்கத்து மேசைக்காரர் அந்தப் போத்தலை மரியாதையோடு பார்த்தார்.

மறுநாளும் அதே கூத்து. அதற்கடுத்த நாள் பின்னேரம் நாங்கள் வெளியே போய் வந்து செருப்பைக் கழற்ற முன்னர் கதவைத் தட்டினார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட மனேஜர் ஒருவர் ஒரு தட்டு நிறையப் பழத்தோடு நின்றார். அவருக்குப் பின்னால் சாம்பல் நிறச் சீருடையில் ஒரு பெண், எங்கள் வயதுதான் இருக்கும், தலையை நிமிர்த்தவே இல்லை. மனேஜர் ஏதோ சொல்லிச் சொல்லிக் குனிந்தார். நீங்கள் "நோ நோ, வெரி குட், வெரி குட்" என்றீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல அவர் இன்னும் ஆழமாகக் குனிந்தார். நல்ல காலம், வேலை முடித்து எங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்த சுகி அந்நேரம் வந்து சேர்ந்தாள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். அப்பாவைப் போலவே அவளுக்கும் கோபம் வந்தால் மூக்கு நுனிதான் சிவக்கும்.

"அம்மா, நீங்கள் கட்டில் விரிச்சனியளா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பழத்தட்டைப் பார்த்தேன்.

"ஒவ்வொரு நாளும் எல்லாம் திரும்பச் செய்து கிடக்காம். இவ செய்த வேலை உங்களுக்குப் பிடிக்கேல்லை, அதைச் சொல்லிக் காட்டுறியள் எண்டு அவை நினைக்கினம். இவவைக் கூப்பிட்டு விசாரிச்சவையாம். நாளையிலை இருந்து வேறை ஆளை விடுகினமாம்."

உங்கள் முகத்தை அன்றைக்குப் போல நான் ஒருநாளும் கண்டதில்லை. ஊரில் உங்கள் வீடு எரிந்த கதையைக்கூட நீங்கள் பகிடி விட்டுத்தான் எனக்குச் சொன்னீர்கள். அன்றைக்குக் கட்டில் ஓரத்தில் பொத்தென்று இருந்துவிட்டீர்கள். "கடவுளே, நான் அவளின்ரை சோத்திலையெல்லே மண் போட்டுட்டன்" என்றீர்கள். பிறகு எழும்பினீர்கள். "சுகி, அவருக்குச் சொல்லு. நாங்களும் லண்டனிலை இதே வேலைதான் செய்யிறம். கை சும்மா இருக்கேல்லை. பிழை எங்கடை, அவளின்ரை இல்லை. அவளைத்தான் திரும்பவும் விடோணும் எண்டு சொல்லு."

சுகி மனேஜரையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குக் காரணம் விளங்கியது. அந்த அறையை அவள் எடுத்தது வங்கியின் பேரில். வங்கிக்காரியின் தாய் என்றுதான் அங்கே எல்லோரும் எங்களுக்குக் குனிந்தார்கள். தாய் ஹோட்டலில் கட்டில் விரிப்பவள் என்று இப்போது அவளே வாயால் சொல்ல வேண்டும். சுகி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, உங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று, உங்கள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஜப்பானிய மொழியில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். இடையில் "லண்டன்" என்றும் "ஹோட்டல்" என்றும் எனக்குக் கேட்டது. நான் பெறாத பிள்ளைதான், ஆனாலும் அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். நீங்கள் உடனே குளியலறைப் பக்கம் விரலைக் காட்டி, பிறகு காற்றில் ஒரு முக்கோணம் மடித்துக் காட்டினீர்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம், அதற்கும் குனிந்தார்.

மறுநாள் காலை எங்களுக்குப் பெரிய வேலை இருந்தது. கட்டிலைக் குழப்ப வேண்டும். நீங்கள் அமைதியாகப் படுப்பவர், எழும்பினாலும் விரிப்பில் சுருக்கம் இருக்காது. "இது காணாது, ஒருத்தரும் படுக்கேல்லை எண்டு நினைப்பினம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் கட்டிலில் உருண்டீர்கள். நானும் உருண்டேன். பேரப்பிள்ளை காணும் வயதில் இரண்டு பேர் தலையணையை எறிந்து விளையாடினோம். துவாய்களை நிலத்தில் போட்டீர்கள், லண்டனில் அப்படிப் போட்டவர்களை நீங்கள் திட்டாத திட்டில்லை. அப்போதும் திருப்தி இல்லாமல், முந்தின இரவு சுகி கூட்டிக்கொண்டு போன விருந்துக்குக் கட்டிய மாம்பழ மஞ்சள் சேலையை எடுத்துக் கட்டிலுக்கு மேல் விசிறினீர்கள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தீர்கள். நிலத்தில் கிடந்த துவாயை எடுக்க உங்கள் கை நீண்டதை நான் கண்டேன். கதவை நான்தான் சாத்தினேன்.

திரும்பி வந்தபோது அறை பளிச்சென்று இருந்தது. கட்டில் நடுவில் உங்கள் சேலை. அப்படி ஒரு மடிப்பை நாங்கள் கண்டதில்லை. ஒடுக்கமாக, நீளமாக, கிமோனோ மடிப்பது போல, கரையோடு கரை பொருந்த, ஒரு நூல்கூட விலகாமல். அதற்கு மேல் டாய்லெட் பேப்பரில் மடித்த ஒரு சின்ன முக்கோணம்.

வழக்கு அங்கேதான் தொடங்கியது. ஆறு கஜப் பட்டுச் சேலையை ஒருத்தி தனியாக இப்படி மடிக்க ஏலாது, உதவிக்கு ஆள் வந்திருக்கும் என்றேன் நான். "இல்லை, அவள் தனியத்தான் செய்தவள். இது அவள் எனக்குச் செய்தது. இன்னொருத்தியைக் கூப்பிட்டிருக்கமாட்டாள்" என்றீர்கள் நீங்கள். "அப்ப மற்ற நுனியை ஆர் பிடிச்சது?" என்று கேட்டால், திரும்பவும் "தனியத்தான்" என்பீர்கள். லண்டனுக்கு வந்த பிறகும் விடவில்லை. அலுமாரியில் இருந்து அந்தச் சேலையைப் பிரிக்காமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை ஞாயிற்றுக்கிழமை வாதாடினோம்.

ஞாயிறு என்றதும் நினைவு வருகிறது. ஜப்பானில் இருந்து நீங்கள் கொண்டு வந்த ஒரே பழக்கம் அதுதான். ஞாயிறு மத்தியானம்வரை கட்டிலை விரிக்காமல் விடுவீர்கள். நான் வந்தால் போர்வைக்குள் இருந்தபடியே, "இண்டைக்கு நான் கெஸ்ட். தேத்தண்ணி நீர் போடும்" என்பீர்கள். ஒரு கட்டிலை விரிக்காமல் விட்டதற்கு இவ்வளவு சந்தோசப்பட்ட மனிசியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நீங்கள் போன பிறகு சுகி சேலையைக் கொண்டு வந்து தந்தாள். "அம்மா இதைப் பிறகு கட்டவே இல்லை அன்ரி. உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ" என்றாள். நானும் பிரிக்காமல்தான் வைத்திருந்தேன். ஆனால் பட்டு மடிப்போடே கிடந்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். அதனால் நேற்றுக் கல்யாணத்துக்குப் பிரித்தேன். நீங்கள் அதைப் பிரித்திருந்தால் வழக்கு அன்றைக்கே முடிந்திருக்கும். முந்தானைக் கரையில் இருந்து ஒரு சாண் தள்ளிக் குறுக்காக ஒரு தடம் இருந்தது. மடிப்புக்குச் சம்பந்தமில்லாத தடம்.

இன்றைக்கு ஞாயிறு. உங்கள் வழக்கப்படி நான் கட்டிலை விரிக்கவில்லை. ஆனால் சேலையை மடிக்க வேண்டுமே. அறையின் நடுவில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற நுனி நிலத்தில் கிடந்தது. உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் அழுதேன், அக்கா. பிறகு கண் அந்தத் தடத்தில் விழுந்தது. கட்டிலைப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் விரிப்பை மெத்தைக்கு அடியில் செருகிய கைகள் எங்களுடையவை, இது எப்படி எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாமல் போனது? முந்தானையை ஒரு சாண் மெத்தைக்கு அடியில் செருகினேன். மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். என் அறை சின்னது, கதவைத் தாண்டிப் படிக்கட்டின் மேல்படியில் போய்த்தான் நின்றேன். இழுத்தேன். மெத்தை விடவில்லை. சேலை விறைத்து நின்றது. கரையோடு கரை சேர்ந்தது.

தனியத்தான் மடித்திருக்கிறாள். வழக்கு உங்கள் பக்கம் தீர்ந்தது.

அவளுடைய மடிப்பு அளவுக்கு வரவில்லை, ஆனாலும் பார்க்கலாம். அலுமாரியில் வைத்துவிட்டேன். இழுபட்டதில் விலகியிருந்த மெத்தையைச் சரி செய்யப் போன கை, பழக்கத்தில் விரிப்பையும் நீவி மூலையை மடிக்கத் தொடங்கிவிட்டது. பாதியில் நினைவு வந்தது. எல்லாவற்றையும் இழுத்துக் குழப்பிவிட்டு, தலையணையையும் ஒரு பக்கம் எறிந்துவிட்டு, நடுவில் ஏறிப் படுத்தேன். இன்றைக்கு நான் கெஸ்ட். தேத்தண்ணி போடச் சொல்ல ஆளில்லை, அதனால் எழும்பிப் போய் நானே போட்டுக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன். கட்டிலை மட்டும் விரிக்கவில்லை.