இரண்டாம் நாள்

மார்ச் 6, வியாழன்

செய்தித்தாளின் முதல் பக்கத்திலேயே பிழை. சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டேன். யாருக்கு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

மதியத்துக்கு முன்பே மருமகள் வேலையிலிருந்து திரும்பிவிட்டாள். மகன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி தும்மினால் மற்றவளுக்குத் தெரியும். காலை அகட்டி நடந்து வந்தாள். கேட்டால், “ஒண்ணுமில்ல அத்தை.” கொஞ்ச நேரம் கழித்துக் களிம்பு கேட்டாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

கட்டடம் எழும்பும் இடத்தில் கிரேன் ஓட்டுகிறவள் அவள். விழாமலிருக்கக் கட்டிக்கொள்ளும் பட்டை இரண்டு தொடைகளுக்கும் நடுவே இறுக்கமாகப் போகிறது. இன்று அவளுக்கு இரண்டாம் நாள். நாப்கின்மேல் பட்டை உரசி, அதோடு ஏணியில் ஏறி இறங்கி, தோல் உரிந்துவிட்டது.

மேலே கண்ணாடிக் கூண்டில் ஓர் இருக்கை மட்டும்தான். நாப்கின் மாற்ற வேண்டுமென்றால் ஏணி ஏணியாக இறங்கி வரவேண்டும். அவள் இறங்கினால் கொக்கி நிற்கும். கொக்கி நின்றால் கீழே கான்கிரீட் போடுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் மாதம் ஒரு தடவை இவளுக்கு வயிற்றுக் கோளாறு வந்துவிடும். அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாள். இன்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டாராம்: “ஏன் மாடி வீட்டம்மா, உங்க வயிறு காலண்டர் பாத்துத்தான் கெடுமா?”

அங்கே புதிதாக ஓர் உயரக் கிரேன் நிறுத்துகிறார்கள். இவள் இப்போது ஓட்டுவதைப் போல இரண்டு மடங்கு உயரம். அதை எனக்குக் கொடுங்கள் என்று போன வாரம் கேட்டிருக்கிறாள். அதற்குக் கிடைத்த பதில்தான் மேற்படிக் கேள்வி.

மார்ச் 7, வெள்ளி

மருமகள் விடுப்பு. நாள் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். உயரக் கிரேனின் கோபுரத்தில் முதல் துண்டை நிறுத்திவிட்டார்களாம், யாரோ போனில் சொன்னார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

காலை உணவுக்குப் பிறகு ஒரு சிறிய துணிப்பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தாள். புனல் என்று நினைத்தேன். எண்ணெய் ஊற்ற வசதியாக இருக்குமே என்று எடுத்துப் பார்த்தால் அடியில் ஓட்டையைக் காணோம். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் குட்டியாக ஒரு காம்பு.

“இது கப் அத்தை. நாப்கினுக்குப் பதிலா. உள்ள வெச்சுக்கறது.”

“உள்ளேயா?”

“உள்ளதான். கொட்டிக் கழுவித் திரும்ப வெச்சுக்கலாம். எங்க வெல்டிங் அக்கா ரொம்ப நாளா இதான் வெச்சிருக்காங்க.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். தாவரவியல் வகுப்பில் மகரந்தத்தைக்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே உடம்புக்கு அங்கே பெயரே கிடையாது. ஆகவே, “சுத்தமா இருக்குமா?” என்று மட்டும் கேட்டேன். என்னால் கேட்க முடிந்த கேள்வி அது ஒன்றுதான்.

கொதிக்க வைக்க வேண்டுமாம். அவள் கை போன இடம் பால் பாத்திரம். அது ஆகாது என்று சொல்லி, என் கணவருக்கு ஊசி கொதிக்க வைத்த மூடிபோட்ட சிறு பாத்திரத்தைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதில் கொதித்ததெல்லாம் ஓர் உடம்புக்குள் போனதுதானே. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போல.

கப் வந்த பெட்டியில் ஆங்கிலத்தில் ஒரு விளக்கத்தாள் இருந்தது, எறும்பு எழுத்தில். அவளுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். “அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க அத்தை” என்று மடித்து மேசை இழுப்பறையில் போட்டாள். படிக்காமல் ஒரு சாதனத்தைத் தொடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சொன்னேன். “அப்ப நீங்க படிச்சுச் சொல்லுங்க” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் படிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

தங்கை போனில் பேசும்போது வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். “இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இந்த ஆராய்ச்சி? அது உள்ள போய்க் காணாமப் போனா யாரு தேடுறது?” என்றாள். தேடுவதற்கு அது என்ன திருவிழாக் கூட்டமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. காணாமல் போகுமோ? இழுப்பறையைத் திறந்து விளக்கத்தாளை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். போகாது. காரணமும் போட்டிருக்கிறது. ஒரு விஷயம் கவனித்தேன் — ஆங்கிலத்தில் படிக்கும்போது கூச்சமே இல்லை. அந்த வார்த்தைகள் யாரோ வெள்ளைக் கோட்டுக்காரருடையவை. அதையே தமிழில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாருமில்லாத போதும் காது சுட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று நடந்ததை எழுதக் கூச்சம்தான். ஆனாலும் எழுதுவேன்.

காலையில் அவளுக்கு வந்துவிட்டது. முதல் தடவை வீட்டிலேயே பழகிக்கொள்கிறேன் என்று வேறொருவரோடு முறை மாற்றிக்கொண்டு இருந்துவிட்டாள். மடித்து உள்ளே வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெளியே வந்தவள் கூடத்தில் நடந்தாள், குனிந்தாள், நாற்காலிமேல் ஏறிக் குதித்தாள். “எதுவுமே இல்லாத மாதிரி இருக்கு அத்தை” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எனக்குத் தோளைத் தொட்டுப் பேசினால் பிடிக்காது. இன்று தட்டிவிடவில்லை.

மாலையில் குளியலறைக்குள் போனாள். வரவே இல்லை. தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு, “அத்தை...” அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

“என்ன?”

“வர மாட்டேங்குது.”

“அந்தக் காம்பைப் பிடி.”

“காம்பு இல்ல அத்தை. வெட்டிட்டேன்.”

வெட்டிவிட்டாளாம். அவர்கள் வேலையில் தேவைக்கு மேல் எதுவும் தொங்கக்கூடாது, எங்காவது மாட்டி இழுத்துவிடும் — அதுதான் அவர்களுடைய முதல் பாடம். அந்தப் பாடத்தை இதற்கும் போட்டு, காலையில் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கியிருக்கிறாள். இப்போது பிடிக்க ஒன்றுமில்லை. உள்ளே அழத் தொடங்கிவிட்டாள். உயரக் கிரேனுக்கு ஆசைப்படுகிறவள், சின்னப் பிள்ளை மாதிரி.

நான் விளக்கத்தாளையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். படித்தேன். தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். “அந்த இடத்துல...” என்றேன்.

“எந்த எடம் அத்தை?”

நியாயமான கேள்வி. தாளில் மூன்று இடங்கள் சொல்லியிருக்கிறது. தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் கால் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ‘அந்த நம்பர்’ என்று சொன்ன பெண்களை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: யோனி. யோனிச் சுவர். கருப்பை வாய். ஒவ்வொன்றாக, பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி. இத்தனை வயதுக்கு இந்த வாய் அவற்றைச் சொன்னது இதுவே முதல் தடவை. கூரை இடிந்து விழவில்லை.

“கருப்பை வாய் சின்னது. மூடித்தான் இருக்கும். கப் அதைத் தாண்டி எங்கயும் போகாது. போக வழியே இல்ல. கேக்குதா?”

“கேக்குது.”

“அப்ப மூச்சு விடு.”

விட்டாள். வெளியே எனக்குக் கேட்டது.

“இழுத்தா வழுக்குது அத்தை. நீளமாச் சொல்லாதீங்க. எங்க சிக்னல்காரர் மாதிரி சின்னச் சின்னதாச் சொல்லுங்க.”

கூண்டிலிருந்து அவளுக்குச் சுமை தெரியாத நேரங்களில் கீழே நிற்கும் சிக்னல்காரர் காதில் சொல்லச் சொல்லத்தான் இறக்குவாளாம். சரி என்றேன். எனக்கும் கண்ணால் பார்க்காத ஆளிடம் நிதானமாகப் பேசித்தான் பழக்கம்.

“குந்து. முதுகைச் சுவர்ல சாய். முக்கு. மெதுவா. இன்னும் கொஞ்சம். நிறுத்து. அடிப்பக்கம் விரல்ல படுதா?”

“படுது.”

“இழுக்காதே. ரெண்டு விரலால அடியை அமுக்கு. காத்து உள்ள போகணும். போச்சா?”

“தெரியல... போச்சு.”

“எடது பக்கம் கொஞ்சம். வலது. திரும்ப எடது. எறக்கு. அவசரமில்ல. லைன்லயே இரு.”

பதில் இல்லை. பதில் இல்லாத அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே — ஐயோ, என்ன பொண்ணு இது, ஒரு வார்த்தை பேசினா என்னவாம்! பிறகு, “எறங்கிடுச்சு அத்தை.”

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் பேச்சு வேறு. “இவ்வளவுதான் இருந்துச்சு. நான் என்னமோ ஆறா ஓடுதுன்னு நெனச்சேன்.” சுமையை எடை பார்க்கிறவளைப் போலத் தன் ரத்தத்தையே பார்த்திருக்கிறாள். முகம் சுளிக்கவில்லை. நானாக இருந்தால் அதைக் குப்பையில் எறிந்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசியிருக்க மாட்டேன். இவள் தேநீர் குடித்தாள், எழுந்தாள், கழுவி மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

மறுபடியும்! அதே மாலையில்!

ஏப்ரல் 4, வெள்ளி

இரண்டாம் நாள். கப்போடு வேலைக்குப் போனாள், துணைக்கு ஒரு நாப்கினும். லேசாகக் கசிந்ததாம். சரியாக விரியவில்லை, ஒரு விரலால் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்றாள். மதிய இடைவேளைவரை கீழே இறங்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

உயரக் கிரேனுக்கு இரண்டு பேரை ஆளுக்கொரு முழு நாள் ஓட்டவிட்டுப் பார்க்கப் போகிறார்கள். இவளும், மீசைக்காரர் என்று இவள் சொல்லும் ஒருவரும். இவளுக்கு மே இரண்டாம் தேதி. விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நானும் எண்ணினேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் நாள்.

வேணும்னே குறிச்சிருக்கானா அந்த மனுஷன்? — இல்லை, அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும்.

வேறு தேதி கேள் என்றேன். “கேட்டா குடுப்பாரு அத்தை. அந்த ஒரு நாளைக்குக் குடுப்பாரு. அப்புறம் மாசா மாசம் யாரு தேதி மாத்துவா?” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டில் கவனமானாள்.

மே 2, வெள்ளி

எப்போதும் போலக் கிளம்பிப் போனாள். நாப்கின் எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில், “விரிஞ்சுதான்னு பாத்தியா?” என்று கேட்டேன். தெருவில் வைத்துக் கேட்டேன். பார்த்தேன் என்றாள்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நல்ல சேலை கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன். அந்த உயரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கூண்டு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதற்குள் என் மருமகள். எதிரே இரும்புக்கடை நிழலில் நின்றேன். சும்மா நிற்கிறேன் என்று கடைக்காரர் பார்க்கவே, தேவையில்லாத ஒரு பூட்டு வாங்கினேன். “அங்க என்னம்மா பாக்கறீங்க?” என்றார்.

“எங்க வீட்டுப் பொண்ணு.”

அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளிருந்து ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்.

கம்பிக் கட்டு ஒன்று தரையைவிட்டு எழுந்தது. அவ்வளவு நீளமான பாரம் ஆடாமல் திரும்பியது. கட்டடத்துக்கு மேலே போய்ச் சற்று நின்றது. காத்திருந்த ஆட்களின் கைகளுக்கு நடுவே, தூங்கும் குழந்தையைக் கட்டிலில் விடுகிற மாதிரி அமர்ந்தது. ஒரு கை நீண்டு தொட்டு வழிகாட்டியது, அவ்வளவுதான். மறுபடி கொக்கி கிளம்பியது. மறுபடி. மறுபடி. தொலைபேசி நிலையத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எழுந்திருக்க அனுமதியில்லாமல், மடித்த துணிமேல் கூசிக் கூசி நாங்கள் உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. நாங்கள் அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்திருந்தோம். இவளுக்குப் பொறுமை இல்லை. நல்லவேளை.

மதியச் சங்கு ஊதும்வரை ஏணியில் யாரும் இறங்கவில்லை. பூட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாலையில் வந்தாள். கசியவில்லை. சூப்பர்வைசர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, ஒன்றும் சொல்லவில்லை என்றாள். நான் அங்கே போனதைச் சொல்லவில்லை. “அந்தப் பச்சைச் சேலை வெயில்ல நல்லா எடுப்பாத் தெரிஞ்சுது அத்தை” என்றாள்.

மே 5, திங்கள்

கிடைத்துவிட்டது. சாவியைக் கொடுக்கும்போது சூப்பர்வைசர், “வயிறு இனிமே தொந்தரவு பண்ணாதுல்ல?” என்றாராம். “வயிறு எப்பவும் நல்லாத்தான் சார் இருந்துச்சு. அது மாதவிடாய்” என்றாளாம் இவள். மனிதர் தன் பூட்ஸைப் பார்த்தபடியே நடையைக் கட்டினாராம். முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். “சாவி கைக்கு வரட்டும்னு இருந்தேன்” என்றாள். கெட்டிக்காரி.

தங்கைக்குப் போன் செய்தேன். எதுவும் காணாமல் போகவில்லை என்று மட்டும் சொன்னேன்.

மே 31, சனி

காலை முதல் மாலைவரை அவளுக்கு வேலை. வந்ததும் சோறு இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். கூடத்து ஜன்னலில் திரைக்கம்பி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருப்பதைக் காட்டினேன். உடனே முக்காலிமேல் ஏறிவிட்டாள். நான் காலைப் பிடித்துக்கொண்டேன், முக்காலியின் காலைத்தான். அடுத்த வாரம் உனக்கு வந்துவிடுமே, அதற்குள் பரணையும் ஒழித்துவிடலாம் என்றேன். வாயில் கவ்வியிருந்த திருகாணியை எடுக்காமலே ஏதோ சொன்னாள். புரியவில்லை என்றேன். எடுத்துவிட்டுச் சொன்னாள்.

“இன்னிக்கு ரெண்டாம் நாள் அத்தை. அந்த இன்னொரு திருகாணியைக் குடுங்க.”

குடுத்தேன்.