பத்தாவது ஊக்கு

மார்ச் 3, செவ்வாய்

ஏழாவது தடவையாகப் பிரித்துவிட்டேன். ஆறு கண்ணி போட்டு ஒரு வளையம், அவ்வளவுதான் வேலை. போனில் பின்னல் சொல்லித்தரும் அம்மா இரண்டு விரலை அசைக்கிறாள், வளையம் வந்துவிடுகிறது. நான் அசைத்தால் சிக்குதான் வருகிறது. வீடியோவை மெதுவாக ஓடவிட்டும் பார்த்தாயிற்று. அப்போதும் கொக்கி எங்கே நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று பிடிபடவில்லை.

நாற்பத்தேழு வயதில் இது எதற்கு? யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன், விரலுக்கு நல்ல பயிற்சி என்று. இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். நேற்று மருந்துக்கடை வாசலில் என் தங்கையைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. நாங்கள் பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. அந்தக் குழந்தையைத் தத்தெடுத்து அவள் வீட்டுக்குக் கூட்டிவந்து பதினொரு மாதம். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருபது நிமிட நடை. நான் அதை ஒருநாளும் கிட்டத்தில் பார்த்ததில்லை.

குழந்தை ஒரு காலி மருந்து அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தது. ஒரு வேன் குறுக்கே வந்து மறைத்தது. அதைச் சாக்காக வைத்து வந்த வழியே திரும்பிவிட்டேன். வழியில் நூல்கடை. உள்ளே போனபோது எனக்கே தெரியவில்லை என்ன வாங்கப்போகிறேன் என்று. சாம்பல் நிற நூல் இரண்டு உருண்டை, கொக்கி ஊசி ஒன்று, சுற்று எங்கே தொடங்கியது என்று அடையாளம் வைக்கப் பத்து சின்ன ஊக்கு. முயல் பொம்மை செய்யப் போகிறேன். செய்துகொண்டு போய் அவள் கதவைத் தட்டப் போகிறேன்.

மார்ச் 4

வளையம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

சாயங்காலம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு சுற்று போடுகிறேன், எழுந்து போய் ஜன்னலைப் பார்க்கிறேன், வந்து உட்கார்ந்தால் எண்ணிக்கை மறந்துவிடுகிறது. மறுபடி முதல் கண்ணியிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை ஒருமுறை எழுதிவிட்டால் ஓயுமா? தத்துக்கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். பெற்றோருக்கு ஏதாவது ஆனால் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உறவினரோ நண்பரோ ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். தங்கை நேராக என்னிடம்தான் வந்தாள். ஒரு குழந்தைக்காகப் பதினொரு வருடம் காத்திருந்தவள். பேனாவைக்கூட அவளே கொண்டுவந்திருந்தாள். நான் கையெழுத்துப் போடவில்லை. அதோடு விட்டேனா? “பின்னால ஏதாவது குறை தெரிஞ்சா என்னடி பண்ணுவ? திருப்பிக் குடுக்க முடியுமா?” என்று கேட்டேன்.

குறை. அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். அவள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். “உன் கம்பெனியில பேசறதை எல்லாம் என் வீட்டுக் குழந்தைகிட்ட பேசாதக்கா” என்றாள். குழந்தை இன்னும் வரக்கூட இல்லை, அதற்குள் “என் வீட்டுக் குழந்தை”. படிவத்தில் அவள் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் கையெழுத்துப் போட்டாராம்.

எனக்கு நாக்கில் சனி. சின்ன வயதிலிருந்தே.

மார்ச் 11, புதன்

குழந்தைகள் உடுப்பு தைக்கும் கம்பெனியில் கடைசி மேஜை என்னுடையது. தைத்து, துவைத்து, மடித்து வரும் ஒவ்வொரு உருப்படியும் என் மெஷினின் பெல்ட்டில் ஏறி மறுபக்கம் போக வேண்டும். துணிக்குள் ஊசி முறிந்து கிடந்தால் பெல்ட் நின்று கத்தும். எல்லோரும் அதை டிடெக்டர் என்பார்கள். மேல்தளத்தில் ஓர் ஊசி முறிந்தால் அதன் அத்தனை துண்டும் கிடைக்கும்வரை அந்தத் தையல் மெஷினில் வேலை ஓடாது. பதினாறு வருடத்தில் என் பெல்ட்டைத் தாண்டி ஒரு துண்டும் வெளியே போனதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எல்லோர் காதும் புளித்திருக்கும்.

பேக்கிங்கில் இருப்பவளுக்கு ‘வானொலி’ என்று பெயர். நிலையத்தை மூடவே மாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் என் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

“என்னக்கா இது, குல்லாவா?”

“முயல். தலை.”

“யாருக்கு?”

“சும்மா.”

“சும்மா செய்யற முகமா இது? யாரையோ பழிவாங்கற மாதிரி குத்திட்டு இருக்கீங்க.”

மார்ச் 12

இருபத்துநான்கு கண்ணி இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தேழு. மூன்று எங்கிருந்து வந்தன?

மார்ச் 17, செவ்வாய்

தலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டு வீடியோவில் இருப்பதோடு வைத்துப் பார்த்தேன். அவளுடையது மழமழவென்று இருக்கிறது. என்னுடையது சொரசொரவென்று. நூல் தரமில்லை என்று கடைக்காரனைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிறகுதான் புரிந்தது, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரிப் பின்னியிருக்கிறேன். புதிதாகப் பின்னுகிறவர்கள் எல்லோரும் செய்வதாம். காலுறையைப் புரட்டுவது போலப் புரட்டினால் போதும்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவசரம் என்பது அவர் அகராதியிலேயே கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார், “உன்னை மாதிரியேதான் இருக்கு. முரட்டுப் பக்கம் வெளிய.”

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது போல, யாருக்காகச் செய்கிறேன் என்று. கேட்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

காது குட்டையாகிவிட்டது. நீளமாகப் பின்னினால் நிற்காமல் தொங்குகிறது. உடம்பு பூசணிக்காய் மாதிரி. வானொலியிடம் போட்டோ காட்டியது என் தப்பு. “பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையா இருக்கே. கரடின்னு சொல்லிடுங்க, யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க” என்றாள். சரி, கரடி.

மறுபடி பிரித்துச் செய்யலாமா? ஒரு தையல் தப்பினால் உருப்படியைத் தள்ளிவிடுகிற கை இது. மேல்தளத்துப் பெண்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள். ஆனால் நாள் போய்க்கொண்டே இருக்கிறது. பிரிக்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

இன்று கம்பெனி லீவு. இரண்டு வார்த்தை அனுப்பப் பாதி நாள் ஆயிற்று. “ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?” எழுதி, அழித்து, எழுதி, அனுப்பி, துவைக்க வேண்டிய துணிக்கடியில் போனை வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். நாலு மணிக்குப் பதில்.

“வா.”

ஒரே எழுத்து. அதை எத்தனை விதமாகப் படிக்க முடியுமோ அத்தனை விதமாகப் படித்தாயிற்று.

மார்ச் 29, ஞாயிறு, காலை

தலையையும் உடம்பையும் இப்போதுதான் சேர்த்துத் தைத்து முடித்தேன். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. வீட்டுக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். கழுத்து கொஞ்சம் கோணல். கிளம்புகிறேன்.

அதே நாள், மாலை ஆறு

போய்வந்தேன்.

கதவைத் திறந்தவள் “உள்ள வா” என்றாள். காபி போட்டாள். வெயிலைப் பற்றி, அவள் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் புதிதாக வந்த மானேஜரைப் பற்றிப் பேசினோம். அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் நானும். குழந்தை சோபாவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தது. இரண்டு வயது. நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு. பொம்மையை நீட்டினேன். வாங்கி, முகர்ந்து, காதைக் கடித்துப் பார்த்து, அப்படியே கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டது. “பெரியம்மா குடுத்தது” என்று தங்கை சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னாள். திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது நூல் மிச்சத்தை டப்பாவில் எடுத்துவைத்தேன். ஊக்கு ஒன்பதுதான் இருக்கிறது.

தரையைப் பெருக்கிப் பார்த்தேன். பாயை உதறினேன். என் புடவை, அவர் சட்டை, பை எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்பதுதான். தைக்கும்போது தலை நழுவாமல் இருக்க உள்பக்கமாக ஒன்று குத்தினேன். அதை எடுத்தேனா? எடுத்தேன். எடுத்த மாதிரிதான் ஞாபகம். எடுத்தேனா?

இப்ப போன் பண்ணி என்னன்னு சொல்றது? பதினாலு மாசம் கழிச்சு ஒரு பொம்மையைக் கொடுத்துட்டு, அதுல ஊக்கு இருக்குடின்னா? இனி அந்த வாசல்ல என்னை ஏத்துவாளா? ஒருவேளை வழியில் விழுந்திருக்கலாம். விழுந்திருக்கும். குழந்தை காதைக் கடிச்சுதே. கடவுளே, கடிச்சுதே.

அதே நாள், ஏழரை

சொல்லிவிட்டேன்.

“அவ கையிலேர்ந்து முதல்ல அந்தப் பொம்மையை வாங்கு. அப்புறம் என்னைத் திட்டு” என்றேன். பின்னால் குழந்தை வீறிட்டது கேட்டது. தங்கை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தாள். “வெறும் பஞ்சுதான் இருக்கு. உனக்கு எதையாவது குறை சொல்லியே ஆகணுமாக்கா? நீயே குடுத்ததுலகூடவா?”

“வெட்டிப் பாரு.”

“அவ அழுது மூச்சு முட்டறா. இல்லாத ஒண்ணுக்காக அவ கண்ணு முன்னால வெட்டவா?”

“சரி, வெட்ட வேணாம். பரண்மேல வை. காலையில என் கம்பெனிக்குக் கொண்டு வா. மெஷின் சொல்லட்டும்.”

போனை வைத்துவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் போனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

மார்ச் 30, திங்கள்

வேலை தொடங்கக் கால் மணி நேரம் முன்னால் வந்தாள். சூப்பர்வைசரிடம் கேட்டேன். “பெல்ட் சும்மாதானே இருக்கு, விட்டுப் பாருங்க” என்றார். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் தங்கை குழந்தையோடு நின்றாள். பொம்மை பெல்ட்டில் ஏறியதும் குழந்தை இரண்டு கையையும் நீட்டிற்று.

பெல்ட் நின்றது. மெஷின் கத்தியது.

திருப்பிவைத்து இன்னொரு முறை விட்டேன். மறுபடி கத்தியது. என் கையாலேயே கழுத்தை வெட்டினேன். ஊக்கு திறந்திருந்தது. முனை பஞ்சைத் தாண்டி இரண்டு கண்ணிக்கு நடுவே வந்துவிட்டது. வெளியே வர இன்னும் ஓர் அரிசி நீளம் இருந்திருக்கும். பதினாறு வருடத்தில் என் மேஜையில் பிடிபட்டதிலேயே பெரியது, நானே உள்ளே வைத்தது.

தங்கை அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “நேத்து மத்தியானம் இதுமேலதான் கன்னத்தை வச்சுத் தூங்கினா” என்றாள். ஊக்கை என் மேஜையில் வைத்துவிட்டு, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்துவிட்டாள். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

மார்ச் 31

திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருக்கலாம்.

ஏப்ரல் 2, வியாழன்

தங்கை பேசவில்லை. பெல்ட்டில் உடுப்பு போய்க்கொண்டே இருக்கிறது, என் கண் மட்டும்தான் அதில். மத்தியானம் வானொலி பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் சாப்பிட்டாள். அவள் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இனி எதையும் பின்னுவதாக இல்லை. கொக்கியை அலமாரி மேல்தட்டில் போட்டாயிற்று.

ஏப்ரல் 5, ஞாயிறு

எடுத்துவிட்டேன். கையைச் சும்மா வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஓட்ட முடியவில்லை. அன்றைக்கு என்னிடமே தங்கிவிட்ட கரடியின் பஞ்சை முழுக்கக் கொட்டி, விரலால் துழாவி, புதிதாக அடைத்துக் கழுத்தைத் தைத்தேன். அடையாளத்துக்கு இந்தத் தடவை சிவப்பு நூல் துண்டு. எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“கொஞ்சம் சும்மா இரேன்” என்றார். “லிஃப்ட் பாதியில நின்னா உள்ள இருக்கறவங்க எல்லாப் பட்டனையும் அமுக்குவாங்க. அதனால அது மேலயும் போகாது, கீழயும் வராது.”

சும்மா இருக்கிறேன். நாலு தடவை வாசலுக்குப் போய்வந்தேன்.

ஏப்ரல் 8, புதன்

வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் எடுத்தால் தங்கையிடமிருந்து மூன்று தவறிய அழைப்பு. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். உடனே எண்ணை அழுத்தினேன்.

“நாளைக்கு அவளைப் பகல்ல விடற காப்பகம் லீவு” என்றாள், எடுத்த எடுப்பில். “அவர் ஊர்ல இல்ல. எனக்கும் லீவு கிடைக்கல. உன்னால பார்த்துக்க முடியுமா?”

அவள் முடிப்பதற்குள் முடியும் என்றேன்.

“நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுக்கா.”

“சொல்லாம விட்டுடலாமான்னு ஒரு மணி நேரம் யோசிச்சேன்டி.”

“தெரியும். நீ வீட்டுக்குப் போனதும் நூல், ஊக்கு எல்லாத்தையும் எண்ணித்தான் எடுத்து வச்சிருப்ப. எனக்குத் தெரியாதா உன்னை? போன் வந்தது ஏழே காலுக்கு.”

“அன்னிக்கு அந்தப் படிவம்… நான் கேட்டது ரொம்பத் தப்பு. நெனச்சு நெனச்சு எனக்கு அசிங்கமா இருக்கு.” வானொலியும் பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்க, அழுதுகொண்டே சொன்னேன்.

“ஆமா, தப்பு” என்றாள். “காலையில எட்டு மணிக்குக் கொண்டு வந்து விடறேன்.”

ஏப்ரல் 9, வியாழன்

லீவு போட்டாயிற்று. விடியற்காலையிலேயே எழுந்து தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். மாத்திரை, பொத்தான், நாணயம், எதுவும் கிடையாது. ஒன்பது ஊக்கையும் அண்டை வீட்டில் கொடுத்தாயிற்று.

எட்டுக்கு வந்தாள். அவசரம், உள்ளே வரவில்லை. குழந்தை என்னிடம் தாவவில்லை, கரடியிடம்தான் தாவிற்று. இப்போது அதன் வயிற்றில் தலை வைத்துத் தூங்குகிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன்.

தங்கை போன பிறகுதான் எனக்கு உறைத்தது. வாசலில் நின்று பால் எத்தனை மணிக்கு, சாதம் எவ்வளவு குழைய, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூங்குவாள், அழுதால் எந்த விரலைப் பிடிக்கக் கொடுக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னாள். பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லவில்லை.