கணக்கில் கூடிய ஒரு கன்று

என் வீட்டு மகாராணியின் சமூகத்துக்கு,

அடியேன் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இப்போது சொல்லப்போகும் கதையை நீ மட்டுமல்ல, யாருமே நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்கிறேன்.

நேற்று கடலோரத்தில் அலையாத்திக் கன்று நட்டுக்கொண்டிருந்தேன். சேறு என்மேல் ஆசைப்பட்டு இடுப்புவரை இழுத்துக்கொண்டது. ஆயிரம் நண்டுகள் கூடிப் பஞ்சாயத்து வைத்தன. கடல்நீர் ஏறிக்கொண்டே வந்தது. நான் போட்ட கூச்சலில் நான்கு கப்பல்கள் திசை மாறின.

கன்றுகளை முறைவைத்துக் காக்கும் கரையோரப் பெண்களில் ஒருத்தி எண்ணிக்கை எடுக்க வந்தாள்.

“கணக்குல ஒண்ணு கூடுதேன்னு பாத்தேன். செடியை நடச் சொன்னா உங்களையே நட்டுக்கிட்டீங்களாண்ணே?” என்று சிரித்தபடி, பலகை போட்டு என்னைப் பிடுங்கினாள்.

இந்தக் கன்றுகள் இரண்டு மழைக்காலம் தாங்கினால்தான், ஒப்பந்தக் கூலிக்கு நட வந்த எங்களை ஊருக்கு அனுப்புவார்களாம். அதுவரை அவற்றோடு நானும் வேர் விட வேண்டியதுதான்.

நான் கண்டக்டராக இருந்தபோது ஊதிய விசில் பீரோவில் கிடக்கும். மறக்காமல் அனுப்பு. வேலைக்குப் போகும் லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

நண்டு பொய், கப்பலும் பொய். எவ்வளவு கத்தியும் யாருக்கும் கேட்கவில்லை என்பது மட்டும் நிஜம்.