பகலில் இறங்கும் விமானத்தில் வா

சான்ட்ரிங்ஹாம், ஓக்லாந்து, நியூசிலாந்து
ஏப்ரல் மாதம்

தம்பி யசீகரனுக்கு,

நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். தொலைபேசியை நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. மகன் பிருந்தனின் கண்ணைப் பற்றிக் கேட்க வேண்டியிருப்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

இங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைத்துவிட்டார்கள். வேலை முடிந்து வெளியே வரும்போதே இருட்டிவிடுகிறது. நான் இப்போது பஸ்ஸில்தான் போய்வருகிறேன். மழையில் ஓட்டப் பிடிக்கவில்லை என்று அலுவலகத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். நான் வேலை பழக்கியவன்தான் இன்று எனக்கு மேலதிகாரி. அவனிடம் உண்மைக் காரணம் சொல்ல மனமில்லை. உன் அண்ணி ரதிதேவியோ, "வெய்யில் எறிச்ச நாளும் இருட்டினாப் பிறகு உங்களுக்கு மழைதான்" என்கிறாள்.

போன மாதம் பிருந்தனுக்கு இந்த ஆட்டக்காலத்தின் கடைசி ஆட்டம். விளக்குப் போட்ட மைதானம். பேஸ்போலில் நீ நின்ற அதே கடைசிக் கரையில் அவனும் நின்றான். உயரப் போன பந்து அவனுக்கு நேரேதான் இறங்கியது. அவன் கையுறையை விரித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பந்து காலடியில் விழுந்தது. வீட்டுக்கு வரும்போது, "லைட்ஸ், அப்பா. ஐ லொஸ்ட் இட் இன் த லைட்ஸ்" என்றான். விளக்கில் பந்து மறைந்துவிட்டதாம். இதே சொல்லை முன்பு உன்னிடம் கேட்டிருக்கிறேன், யசீ.

அமெரிக்காவில் பெயர் தெரியாத நகரங்களின் அணிகளுக்கு, பஸ்ஸில் தூங்கித் தூங்கி ஆடினாய். அப்பா பார்வை போய்ச் சுவரைத் தடவித் திரிந்த காலத்தில் அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனவன் நான். அவருடைய செத்த வீட்டுக்கும் நீ வரவில்லை, ஆட்டக்காலம் என்றாய். அடுத்த வருடமே, இருபத்தேழு வயதில், ஆட்டத்தை விட்டாய். மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்து அணிக்குத் தேர்ந்து சொல்லும் ஸ்கௌட் வேலைக்குப் போனாய். தோள்வலி என்றாய். சோம்பல் என்று நான் நினைத்தேன்.

ஜனவரியில் வந்தபோது சாப்பாட்டு மேசையில் தொழில் ரகசியம் சொன்னாய்: "பெடியனைப் பாக்க முந்தித் தகப்பனைப் பாப்பன், அண்ணா. பிள்ளை என்னவா வருவான் எண்டு தகப்பன்ர உடம்பில தெரியும்." எல்லோரும் சிரித்தோம். பிறகு நான் இருட்டில் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனேன். பின்படியில் என் கால் தவறுமுன்பே உன் கை என் முழங்கையைப் பிடித்துவிட்டது. நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். உன் மற்றக் கை சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. அப்பா தடவியது போலவே.

ரதிதேவி கண் டொக்டரிடம் பிருந்தனுக்கு நாள் எடுத்திருக்கிறாள். குடும்பத்தில் யாருக்கேனும் பார்வைக் குறை உண்டா என்றுதான் முதலில் கேட்பார்களாம். எனக்குப் பயமாயிருக்கிறது. அப்பாவைப் பற்றிச் சொல்வேன். என்னைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். உன்னைப் பற்றி யார் சொல்வது? இருட்டில் பந்தைத் தேடி நின்ற ஒருவன் பக்கத்தில் இருந்தால் பிள்ளை தாங்கிக்கொள்வான். நான் சொல்லி அவனுக்கு ஆறாது.

பழையது எதையும் நான் மறக்கவில்லை. இருந்தாலும் வா. பகலில் இறங்கும் விமானமாகப் பார். இருட்டினால் உன்னைக் கூட்டிவர என்னால் கார் ஓட்ட முடியாது. பின்படிக்கு இரண்டு விளக்குகள் போட்டுவைத்திருக்கிறேன்.

கடவுள் உன் கண்களைக் காக்கட்டும்.

அண்ணன்