உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்

பாலக்கோடு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நைட் ஷிப்ட் முடிந்து தூங்கும் கணவன் ஆண்டோவை எழுப்பாமல், சகாயராணி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

"ஏங்க, களி கிண்டி வெச்சிருக்கேன். கீரைக் குழம்பைச் சூடு பண்ணிக்கங்க. சிலிண்டர் வந்தா வாங்கி வைங்க.

கம்ப்யூட்டர் சரியாயிடுச்சு. நீங்க புது ஓஎஸ் போட்டதுல இருந்து பேச்சுப் பயிற்சி வீடியோல டீச்சர் வாயசைச்ச அப்புறந்தான் சத்தம் வந்திருக்குது. புது சவுண்டு டிரைவரை எடுத்துட்டு பழசைப் போட்டேன். இப்ப ரெண்டும் ஒண்ணா வருது.

ஜெனிஷா காது மெஷின்ல கேக்கறதோட உதட்டையும் பாத்துத்தான் புரிஞ்சிக்கறா. ரெண்டும் பொருந்தாமத்தான் பயிற்சில முழிச்சிருக்கா. நீங்க கவனமே இல்லைன்னு திட்டிட்டீங்க. நேத்து ஒரு தப்பும் இல்லாம முடிச்சா."

பேனாவை மூடினாள். அந்தத் திட்டுக்குப் பிறகு மகள் அப்பாவிடம் பேசவேயில்லை. மறுபடி பேனாவைத் திறந்து, அடியில் இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"ஸ்கூல் விட்டு வந்ததும் தப்பு உன்மேல இல்லைன்னு அவகிட்ட சொல்லிடுங்க. போனைப் பாத்துக்கிட்டே சொல்லாதீங்க. அவ எதுக்க உக்காந்து, மெதுவாச் சொல்லுங்க."