ஸ்கேல் வைத்து ஒட்டியது

11 ஜூன் 2025

சர்புதீன் கடையைப் பற்றிப் போலீசில் சொன்னது நான் இல்லை. ஆனால் நான்தான் என்று கடைத்தெரு முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். இன்று காலை மீன்காரியும் கேட்டுவிட்டாள். சென்ற மாதம் அவன் கடை வாசலில் நின்று, நாலு பேர் முன்னால், "நீ விற்பது அடுத்தவன் உழைப்பு" என்று சொன்னேன். அது உண்மை. முகத்துக்கு நேரே சொன்னதை முதுகுக்குப் பின்னால் போய் இன்னொரு முறை சொல்ல வேண்டிய தேவை எனக்கில்லை.

நடந்தது இதுதான். எங்கள் பாஷா ஃபேன்சி ஸ்டோருக்கு அடுத்தது அவனுடைய செல்போன் கடை. ஜப்பான் அனிமே படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பான். அந்தப் படங்களில் வரும் உருவங்கள் போட்ட சாவிக்கொத்து, போன் கவர் எல்லாம் வாசலில் தொங்கும். நேற்று அந்தப் படங்களின் உரிமை வைத்திருக்கும் கம்பெனியின் ஆள் ஒருவர் சென்னையிலிருந்து போலீசோடு வந்து, கம்ப்யூட்டரையும் சரக்கையும் அள்ளிக்கொண்டு போனார். எங்கள் கடைக்குள் அவர்கள் நுழையவில்லை. அது போதும், ஊருக்குக் கதை கிடைத்துவிட்டது.

சர்புதீன் ஷட்டரை இறக்கிவிட்டு என்னிடம்தான் வந்தான்.

"இன்னா சாச்சி, இப்போ மனசு குளுந்துச்சா?"

"நான் சொல்லவில்லை, சர்புதீன்."

"ஆமா, ஆகாசத்துலேர்ந்து ரெக்கை வச்ச மலக்கு எறங்கி வந்து சொல்லிட்டுப் போச்சு. உங்க கடைப் பொம்மைய மட்டும் ஜப்பான்காரன் கையில வச்சுக் குடுத்தானா?"

அந்த அனிமே பொம்மைகளை நாங்களும் விற்கிறோம்தான், ஆனால் எங்கள் டப்பாக்களில் கம்பெனி ஸ்டிக்கர் இருக்கிறது. அவனுடையவற்றில் இல்லை.

12 ஜூன்

பலகையில் இருப்பது என் கணவர் பெயர். கவுஸ் பாஷா இருந்தவரை பில் போடாமல் ஒரு முழ ரிப்பன் வெளியே போனதில்லை. அவர் மவுத்தான பிறகு மருமகன் நவுஷாத் நடத்துகிறார். லைசென்சும் அவர் பேரில்தான். காலையில் கல்லாவில் நான் உட்காருகிறேன். எழுபதைத் தாண்டியவள் எதற்கு என்று மகள் மாஹிரா கேட்கிறாள். சில்லறை சரியாகக் கொடுப்பதற்கு.

13 ஜூன்

கம்பெனி ஆள் இன்றும் வந்தார். பெயர் அன்புச்செல்வன். தெருக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு, சர்புதீன் கடைப் படியிலேயே பாடம் எடுத்தார். நான் எங்கள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டேன். நமக்குப் பயமில்லை என்று தெரியட்டுமே.

படத்தைப் பற்றி முதலில் சொன்னார். ஓரத்தில் யாரோ எழுந்துபோகிற தலை தெரியும், நடுவில் ஏதோ வெப்சைட் பெயர் ஊர்ந்துபோகும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். இதெல்லாம் பார்த்தாலே தெரிகிற திருட்டு. சில காப்பி சுத்தமாகவும் இருக்கும். "அதனால ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. உரிமை வாங்கினவங்க யாரும் பெட்டிக்கடையில பென் டிரைவ்ல ஏத்தி விக்க மாட்டாங்க. தியேட்டர்ல பாக்கணும், இல்ல அவங்க ஆப்ல காசு கட்டிப் பாக்கணும்."

பிறகு ஒரு பொம்மையை எடுத்தார். சிறகு முளைத்த ஒரு பெண். கண்ணின் மை கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. கழுத்தில் இரண்டு பாதியை ஒட்டிய வரி. முகர்ந்து பார்க்கச் சொன்னார். மண்ணெண்ணெய் வாடை என்று பூக்கடைக்காரர் முகத்தைத் திருப்பினார். டப்பாவில் செய்தவன் பெயர், இறக்குமதி செய்தவன் விலாசம் எதுவும் கிடையாது.

கடைசியாக அதைச் சொன்னார்.

"இந்தப் பளபள ஸ்டிக்கர், தயாராகற எடத்துலயே டப்பா மேல ஒட்டித்தான் வரும். கடைக்குத் தனியாத் தாள்ல வராது. தாள்ல வந்தா அது டூப்ளிகேட், சந்தேகமே வேணாம். வித்தவன் தெரியாம வித்தேன்னு சொல்லலாம். ஒட்டினவன் இன்னான்னு சொல்வான்?"

எல்லாரும் சிரித்தார்கள். என் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

அதே நாள், இஷா தொழுகைக்குப் பிறகு

எழுதிவிட வேண்டும். ஃபேன்சி கடைக்குக் கம்மல் எப்படி வருகிறது? கவரில் குவியலாக வரும். அட்டை தனிக் கட்டாக வரும். நாங்கள்தான் குத்தி வைப்போம். பொட்டு, கிளிப், ஹேர்பேண்ட் எல்லாம் அப்படித்தான். என் கல்யாணத்திலிருந்து கம்மல் குத்திய கை இது. ஆகவே போன தீபாவளிக்கு முன்னால் பொம்மை ஒரு மூட்டையாகவும், டப்பா மடிக்காத அட்டையாகவும், ஸ்டிக்கர் தாள் தாளாகவும் வந்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தோன்றியது ஒன்றுதான் — கடையில் வேலை செய்யும் ரம்யா கோணலாக ஒட்டுகிறாள்.

அவளைத் திட்டிவிட்டு நானே எடுத்துக்கொண்டேன். ஸ்கேல் வைத்தேன். மார்ஜின் கோணினால் நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் பக்கத்தையே கிழித்துவிடுவார். ஒரு ஸ்டிக்கரும் கோணவில்லை.

நவுஷாத் பார்த்துவிட்டு, "உங்க கைதான் மாமி, மிஷின் தோத்துப்போவும்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

14 ஜூன்

எங்கள் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தேன். எல்லாமே மண்ணெண்ணெய் வாடை.

15 ஜூன்

நவுஷாத்தைக் கேட்டேன். தாளைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது மாப்ளே என்றேன்.

"மொத்தக் கடையிலதான். எல்லாக் கடைக்கும் அவன்தான் போடறான். ஒரிஜினல் வெல தெரியுமா மாமி? இந்த ஊர்ல யாரு வாங்குவா?"

"வாங்காவிட்டால் விற்க வேண்டாம்."

"சின்னப் பசங்க பையில மாட்டிக்கினு போற பொம்மை. இத எவனாவது குடிச்சிட்டா சாவப்போறான்?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ரம்யா அங்கேயே வளையல் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கருணாபுரத்துப் பெண். போன வருஷம் அந்தக் கள்ளச்சாராயம் குடித்துச் செத்துப்போனவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். அவள் திரும்பவில்லை. துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தாள். நவுஷாத் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்கவே இல்லை. ஸ்கேலும் கையுமாக நான் உட்கார்ந்திருந்தேனே — அப்போதே உங்களுக்குத் தெரியுமா?

17 ஜூன்

அன்புச்செல்வன் அடுத்த வாரம் மறுபடி வருகிறாராம். இந்தத் தடவை வரிசையாக எல்லாக் கடையும்.

மாஹிரா சமையலறையில் என்னை நிறுத்தி வைத்தாள். "லைசென்ஸ் அவரு பேருல கீது. புடிச்சா அவரைத்தான் புடிப்பாங்க. உனக்கின்னாம்மா, நீ நேரா நின்னுக்கினு இருப்பே. நான் ஸ்டேஷன் வாசல்ல நிக்கணும்."

"என்ன செய்யச் சொல்கிறாய்?"

"கொளுத்திடு. கோமுகி ஆத்துல போடு. எதனா பண்ணு. பேசாம இரு."

கொளுத்தினால் இங்கே இருப்பது சாம்பலாகும். விற்றது? ஊர்ப் பிள்ளைகளின் பையிலெல்லாம் தொங்குகிறதே, பாஷா கடையில் வாங்கியது என்று.

தூக்கமில்லை.

19 ஜூன்

கடை அலமாரி காலி. ரம்யாதான் சொன்னாள்: "அண்ணன் எல்லாத்தையும் வேன்ல ஏத்திக்கினு வெள்ளிமலைச் சந்தைக்குப் போயிருக்காருங்க. மேல எவன் வந்து பாக்கப்போறான்னாரு."

மலைக்காரர்கள் என்றால் தெரியாதவர்கள். அப்படித்தானே கணக்கு? பர்தாவை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.

20 ஜூன்

நேற்று எழுத முடியவில்லை. இடுப்பு வலி.

கச்சிராயபாளையம் வரை பஸ்ஸில் உட்கார இடமில்லை. அதற்கு மேல் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த பெண் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து, "மோந்துக்கினே வாங்க" என்றாள். கீழே கோமுகி அணை மறைந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

சந்தையில் தார்ப்பாய் விரித்து, டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார் நவுஷாத். நான் அடுக்கும் முறையிலேயே. என்னை அவர் பார்க்கவில்லை. ஒரு வியாபாரத்தில் இருந்தார். வாங்க வந்தவர் பெயர் பூமாலை, பக்கத்தில் யாரோ கூப்பிட்டதில் தெரிந்தது. தோளில் சாமை மூட்டை. மகள் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். இந்தப் பொம்மைதான் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள், டூப்பு வாங்கினால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்றும் சொல்லியிருக்கிறாள்.

"கம்பெனிதானா?"

"ஸ்டிக்கரப் பாருங்கண்ணே."

பூமாலை டப்பாவைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கட்டை விரலால் ஸ்டிக்கரின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். தலையை ஆட்டினார். "ஆமாமா. டூப்புன்னா கோணமாணன்னு ஒட்டியிருப்பான். இது நேரா கீது. கம்பெனிதான்."

கிட்டப் போனேன்.

"அது கம்பெனிச் சரக்கு இல்லை. ஸ்டிக்கரை ஒட்டினது நான்."

நவுஷாத் எழுந்து நின்றுவிட்டார். பூமாலை என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அப்புறம் இன்னாத்துக்கும்மா இவ்ளோ நேரா ஒட்டினே?"

டப்பாவைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். பேரம் பேசுகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "சரி, டூப்புன்னா பாதி வெலைக்குக் குடு."

"விற்பதற்கில்லை."

"வாங்கறவன் நான் சரிங்கறேன், உனக்கின்னா கஷ்டம்? பொண்ணுக்கிட்ட இன்னான்னு சொல்றது?"

"இந்த ஊரில் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள்."

"கெடச்சுதே! கையில வச்சிக்கினு கீறேனே!" சுற்றிலும் சிரிப்பு. டப்பாவைத் தார்ப்பாயில் வைத்துவிட்டு, மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு போனார். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். என்னை இல்லை, பொம்மையை.

நவுஷாத் எல்லாவற்றையும் வேனில் வாரிப் போட்டார். நானும் அதே வேனில்தான் இறங்கினேன். கச்சிராயபாளையம் கரும்புக் காடு வந்ததும் சொன்னார்: "சந்தையில வச்சு என் மானத்த வாங்கிட்டீங்க மாமி."

உண்மைதான். ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. சர்புதீனிடமும் அப்படித்தான் நாலு பேர் முன்னால். முகத்துக்கு நேரே சொல்வது என்று இதற்குப் பெருமையாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன்.

21 ஜூன்

அவர்களாக வந்து எடுத்தால் நவுஷாத் பேரில் வழக்கு. நானாகக் கொடுத்து, ஒட்டியது நான் என்று எழுதிக் கொடுத்தால்? வக்கீலிடம் கேட்டேன். "ஒத்துக்குவாங்களான்னு உறுதி சொல்ல முடியாதும்மா. உங்க மேலயே திரும்பலாம்" என்றார். என் மேல்தானே திரும்ப வேண்டும்.

மாஹிராவிடம் சொன்னேன். தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். "அந்தக் கம்பெனி ஆளக் கூப்பிட்டே... நாங்க திருக்கோவிலூருக்கு, அவரு வூட்டுக்கே போயிடுவோம். அப்புறம் உன் போர்டை நீயே தொடச்சிக்கோ."

23 ஜூன்

அன்புச்செல்வனுக்குப் போன் செய்து கடைக்கு வரச் சொன்னேன். சந்தையிலிருந்து திரும்பிய டப்பாக்கள், மிச்ச மூட்டை, மடிக்காத அட்டை, ஸ்டிக்கர் தாள், மொத்தக் கடை பில் எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். அவர் ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருங்க ஒட்டினது?" என்றார்.

"நான்."

"உங்க மருமகன் சொல்லித்தானே?"

நவுஷாத் கல்லா பக்கம் நின்றிருந்தார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இல்லை. அந்தப் பெண் கோணலாக ஒட்டினாள். அதனால் நான் ஒட்டினேன். அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது."

கடைசி வாக்கியம் உண்மையா என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டேன்.

24 ஜூன்

போய்விட்டார்கள். மாஹிரா அழவில்லை. நவுஷாத் சாவியைக் கல்லா மேல் வைத்துவிட்டு, "வரேன் மாமி"கூடச் சொல்லாமல் இறங்கினார்.

29 ஜூன்

வழக்கு உண்டா இல்லையா என்று கம்பெனியிடமிருந்து இன்றும் கடிதம் இல்லை. போஸ்ட்மேன் தாண்டிப் போனார்.

3 ஜூலை

சர்புதீன் மேல் வழக்கு நடக்கிறது, ஆனாலும் கடையைத் திறந்திருக்கிறான். இனி வெறும் ரீசார்ஜும் சார்ஜரும்தான். என் வாசலில் வந்து நின்றான்.

"சாச்சி, எங்கடைய நீங்க காட்டிக் குடுக்கலன்னு இப்போ நம்பறேன்."

"எப்படி?"

"சொந்தக் கடையவே மேள தாளத்தோட புடிச்சுக் குடுத்தவங்க, என்ன மட்டும் ரகசியமாவா சொல்லப்போறீங்க?"

சிரித்தேன். வீட்டில் யாரும் இல்லாமல் போன பிறகு முதல் தடவை.

9 ஜூலை

உரிமை உள்ள விநியோகஸ்தரிடமிருந்து சின்னப் பார்சல். டப்பாவில் இறக்குமதியாளர் விலாசம், ஸ்டிக்கர் ஒட்டியே வந்திருக்கிறது. வாடை இல்லை. கண்ணின் கோடு சுத்தம். விலையைக் கேட்டுவிட்டு எல்லாரும் கீழே வைக்கிறார்கள். ரம்யா, "பாக்கவாவது வராங்களேம்மா" என்றாள்.

18 ஜூலை

கம்பெனி வக்கீலின் கடிதம் வந்தது. சரக்கைத் தானாக ஒப்படைத்ததாலும், இனி விற்பதில்லை என்ற உறுதிமொழியாலும், எங்கள் மேல் புகார் கொடுப்பதில்லை. மூன்று பக்கம். நவுஷாத் பெயர் எங்கும் இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

அதன் நகலோடு திருக்கோவிலூருக்கு இன்று அனுப்பியது:

மாப்பிள்ளை நவுஷாத்துக்கு,

வழக்கு இல்லை. நகலைப் பாருங்கள். சந்தையில் பல பேர் முன்னால் நான் பேசியது தவறு. சொன்ன விஷயம் தவறில்லை, சொன்ன இடம் தவறு. கடைச் சாவி ரம்யாவிடம் இருக்கிறது. உங்கள் கடை, எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். அதற்கு நிபந்தனை எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். நான் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தபோது, அது போலி என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றாலும் சாவி உங்களுடையதுதான். நான் எழுதிக் கொடுத்ததையும் மாற்ற மாட்டேன். ஆனால் மாஹிரா வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். போனிலும் வேண்டாம். உங்கள் கையால் எழுதி, தபாலில் பதில் அனுப்புங்கள்.

ஷர்புன்னிசா