நாக்பூரிலிருந்து லாரியில் வந்த கதை

செஞ்சி
12-12-1964

அன்பு மகள் தனகோட்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் நைனாவும் செவ்வாய்க்கிழமை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க மலையனூர் அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். கிளீனர் பொன்னுசாமி அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டதா? அவர் உங்கள் வீட்டில் படுத்துவிட்டதால்தானே ரயிலில் வரவேண்டிய நான் உன் நைனா ஓட்டுகிற லாரியில் துணைக்கு ஏறினேன். நாலு நாள் வழிக்கு எட்டு நாள் ஏன் ஆனது என்று கவலைப்பட்டிருப்பாய், ஒளிக்காமல் எழுதுகிறேன், பயப்படாமல் படி.

நாக்பூரை விட்டதும் வண்டி முழுக்க, ஏற்றின கமலா ஆரஞ்சு வாசனை, இரண்டு பக்கமும் கறுப்பு மண்ணில் பருத்தி வெடித்து, யாரோ சோற்றை இறைத்துவிட்டுப் போன மாதிரி கிடந்தது. ஆதிலாபாத் பக்கம் வந்தால் தேக்குக் காடு, ஒரு இலையில் ஒரு ஆள் சாப்பிடலாம், அவ்வளவு பெரிசு. மணிக்கணக்கில் போனாலும் காடு முடியவில்லை. உன் நைனா நிமிஷத்துக்கு ஒரு தரம் எதிரில் என்ன தெரிகிறது, அந்த மலை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் கொக்குக் கூட்டம், ஓடை, மாடு படுத்த மாதிரி ஒரு மலை என்று ஒன்று விடாமல் சொன்னேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் இத்தனை பேச்சுப் பேசினவர் இல்லை, எனக்குத் தலைகால் புரியவில்லை.

காடு முடிகிற மலையிறக்கத்தில் ஒரு வளைவு, அதைத் தாண்டினதும் பருத்தி ஏற்றின கட்டை வண்டி ஒன்று அச்சு முறிந்து ரோட்டின் நடுவில் நின்றது. அவர் பார்த்திருப்பார் என்று நான் சும்மா இருந்தேன். வேகம் குறையவே இல்லை. நான் கத்தின பிறகுதான் பிரேக்கை மிதித்தார், ஒரு முழம் பாக்கி இருக்கும்போது லாரி நின்றது. கை இரண்டும் ஸ்டீயரிங்கிலேயே இருக்க, என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு வருசமா தூரத்துல இருக்கிறது எதுவும் தெரியல மீனா, பொன்னுசாமி சொல்லச் சொல்லத்தான் ஓட்டுறேன்" என்றார். வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். எனக்கு அழுகையும் வந்தது கோபமும் வந்தது. இனி இந்த வண்டியை நீ ஓட்டினால் நான் நடந்தே செஞ்சிக்குப் போவேன் என்று இறங்கி மைல் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி நேரம் அப்படியே இருந்தோம், இரண்டு மயில் ரோட்டைக் கடந்து போனது. நல்ல வேளையாக நம் வல்லத்துக் கரீம் பாய் லாரி பின்னால் வந்தது, அதில் இரண்டு டிரைவர் இருந்ததால் அவரே நம் வண்டியை ஐதராபாத் வரை ஓட்டி, கண் டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடி கைக்கு வர நாலு நாள் ஆனது, கொஞ்சம் பழம் அழுகியும் போனது.

கண்ணாடி போட்டுக்கொண்டு ஊரைத் தாண்டினதும் பாறை மேல் பாறையாக அடுக்கின குன்றுகள், நம் செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலையே எதிரில் வந்த மாதிரி. உன் நைனா லாரியை நிறுத்திவிட்டு இறங்கி நின்று பார்த்தார். கர்நூல் ஆற்றுப் பாலத்திலும் அப்படித்தான். அப்புறம் பழையபடி வாயே திறக்கவில்லை. எனக்கும் கோபம் ஆறவில்லை. பெங்களூருக்கு முன்னால், "கண்ணாடியில எல்லாம் நல்லாத்தான் தெரியுது, ஆனா நீ சொல்லிக் கேட்டப்போ இன்னும் நல்லா இருந்துது" என்றார். அதற்கு மேல் நான் எங்கே கோபப்படுவது.

வந்ததும் முதலாளியிடம் நானே கூடப் போய் நடந்ததைச் சொல்ல வைத்தேன். முதலாளி நன்றாகத் திட்டினார், ஆனால் வண்டிச் சாவியைக் கேட்கவில்லை. பொன்னுசாமி அண்ணனை நீ ஒன்றும் கேட்காதே, அவர் இல்லாவிட்டால் உன் நைனா என்றைக்கோ போயிருப்பார், நன்றாகக் கஞ்சி வைத்துக் கொடு. குழந்தையைப் பனியில் வெளியே கொண்டுவராதே, தலைக்குத் துணி கட்டு. மாசியில் லோடு கிடைத்தால் நானும் லாரியிலேயே வருகிறேன், மாடு கறக்கக் காத்தாயியிடம் இப்போதே சொல்லிவிட்டேன். நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும், கடிதம் கண்டதும் இரண்டு வரி போடு.

இப்படிக்கு, உன் அம்மா
மீனம்பாள்